ஆடிகளில் பிம்பம் தோன்றும் விதம்: சமதள, குழி, குவி ஆடிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடியில் தெரியும் உருவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் ஆடியின் பரப்பைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அது பரப்பில் இல்லை என்பதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. கிட்டப்பார்வை உடைய ஒருவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு அருகே பிடித்த சமதள ஆடியில், தமக்குப் பின்னால் நெடுந்தொலைவில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஆடியின் சட்டமும் அதன் மேல் படிந்த தூசியும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். கடிகாரத்தின் முட்கள் மட்டும் மங்கியே தெரியும். ஆடி அருகில் இருந்தும் கடிகாரம் மங்குகிறது என்றால், அதிலிருந்து வரும் ஒளி, தொலைவில் உள்ள பொருளின் ஒளியைப் போலவே கண்ணை வந்தடைகிறது என்று பொருள். கடிகாரத்தின் பிம்பம் ஆடிக்கு வெகு பின்னால் இருக்கிறது.

பிம்பம் என்றால் என்ன என்பதை இங்கேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் கதிர்கள் விரிந்து செல்கின்றன. ஆடியில் பட்டுத் திரும்பிய பின் அக்கதிர்கள் ஓரிடத்தில் மீண்டும் கூடினால், அவ்விடமே அப்புள்ளியின் மெய் பிம்பம். அங்கே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் உருவம் தாளில் விழும். திரும்பிய கதிர்கள் கூடாமல் விரிந்தே சென்றாலும், அவற்றைப் பின்னோக்கி நீட்டும்போது ஓரிடத்தில் சந்தித்தால், அவ்விடம் மாய பிம்பம். அங்கே ஒளி உண்மையில் செல்வதில்லை என்பதால் தாளில் எதுவும் விழாது. கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் கதிர்க்கற்றை கண்ணுக்குள் நுழைந்தால், கண்ணும் மூளையும் அக்கதிர்கள் நேர்கோட்டில் வந்தவை என்றே கொண்டு, அவை தொடங்கிய இடத்தில் பொருளைக் காண்கின்றன. வழியில் ஓர் ஆடி அவற்றைத் திருப்பிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆடிகள் பற்றிய பாடத்தில் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த வரையறையிலிருந்தும் எதிரொளிப்பு விதியிலிருந்தும் பிறக்கிறது. பொருள் இங்கே இருந்தால் பிம்பம் அங்கே என்று அட்டவணையை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு கோடுகளைச் சரியாக வரையத் தெரிந்தவர் அந்த அட்டவணையின் எந்த வரியையும் ஒரு நிமிடத்தில் தாமே எழுதிவிடலாம்.

எதிரொளிப்பு விதி

ஒளிக்கதிர் பரப்பைத் தொடும் புள்ளியில் அப்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். படுகதிர் அச்செங்குத்துடன் உண்டாக்கும் கோணம் படுகோணம். எதிரொளிப்புக் கதிர் உண்டாக்கும் கோணம் எதிரொளிப்புக் கோணம். இவ்விரண்டும் எப்போதும் சமம்; படுகதிர், செங்குத்து, எதிரொளிப்புக் கதிர் மூன்றும் ஒரே தளத்தில் அமையும். கோணத்தை ஆடியின் பரப்பிலிருந்து அளப்பதே இங்கே மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. சமதள ஆடியில் அப்படி அளந்தாலும் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். வளைந்த ஆடியில் எதிலிருந்து அளப்பது என்றே தெரியாமல் போகும். ஆகவே முதல் படத்திலிருந்தே செங்குத்தை வரைந்து பழகுவது அவசியம்.

வெள்ளைத்தாளும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, ஆனால் அதில் பிம்பம் தெரிவதில்லை. தாளின் ஒவ்வொரு நுண்ணிய பகுதியிலும் செங்குத்து வெவ்வேறு திசையில் நிற்பதால், ஒரு புள்ளியிலிருந்து வந்த கதிர்கள் ஒழுங்கு குலைந்து சிதறுகின்றன. பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்போதுதான் பரப்பு ஆடியாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருப்பதால், நல்ல ஆடிக்கு எவ்வளவு நுண்மையான மெருகு தேவை என்பதை உணரலாம்.

சமதள ஆடி: பிம்பத்தை வரைதல்

தாளில் ஒரு நேர்கோட்டை ஆடியாகக் கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு புள்ளியைப் பொருளாகக் குறியுங்கள். அப்புள்ளியிலிருந்து ஆடியின் இரு வேறு இடங்களுக்கு இரண்டு கதிர்களை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் செங்குத்தை நிறுவி, சம கோணத்தில் எதிரொளிப்புக் கதிரை வரையுங்கள். அவ்விரு எதிரொளிப்புக் கதிர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும். இப்போது அவற்றை ஆடிக்குப் பின்னால் புள்ளிக்கோடுகளாக நீட்டினால், இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அவ்விடத்தையும் பொருளையும் இணைக்கும் கோடு ஆடியைச் செங்கோணத்தில் வெட்டுவதையும், ஆடியிலிருந்து இரண்டும் சம தொலைவில் இருப்பதையும் அளவுகோலால் சரிபார்க்கலாம். இருபுறமும் உருவாகும் முக்கோணங்கள் சர்வசமம் என்பதால் இது எந்தக் கதிருக்கும் பொருந்தும். மூன்றாவது, நான்காவது கதிரை எங்கு வரைந்தாலும் அதன் நீட்சி அதே புள்ளி வழியாகவே செல்லும்; பார்ப்பவர் இடம் மாறினாலும் பிம்பம் இடம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதை வரைபடத்தில் மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு தெளிவான கண்ணாடிப் பலகையை மேசை மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரே அளவுள்ள இரண்டு மெழுகுவர்த்திகளில் ஒன்றை ஏற்றிப் பலகைக்கு முன்னால் வையுங்கள். ஏற்றாத மற்றொன்றைப் பலகைக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் அதன் திரியிலும் சுடர் எரிவதைப் போலத் தோன்றும். தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாலும் சுடர் திரியை விட்டு விலகாத இடமே பிம்பத்தின் இடம். இரு தொலைவுகளையும் அளந்தால் சமமாக இருக்கும். பின்னால் உள்ள மெழுகுவர்த்தியும் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, பிம்பம் பொருளின் அளவே உள்ளது என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது.

தலை முதல் கால் வரை முழு உருவத்தையும் பார்க்க எவ்வளவு உயரமான ஆடி வேண்டும்? 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கண்கள் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். உச்சந்தலையிலிருந்து புறப்பட்டுக் கண்ணை அடையும் கதிர், இரண்டுக்கும் நடு உயரமான 155 செ.மீ. இல் ஆடியைத் தொடும். பாதத்திலிருந்து வரும் கதிர், 150 இல் பாதியான 75 செ.மீ. இல் தொடும். ஆகவே 75 முதல் 155 வரை, அதாவது 80 செ.மீ. ஆடி போதும், அது அவருடைய உயரத்தில் சரிபாதி. இக்கணக்கில் ஆடிக்கும் அவருக்கும் இடைப்பட்ட தொலைவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் நகர்ந்து நின்றால் உடலின் கூடுதல் பகுதி தெரியும் என்ற பரவலான நம்பிக்கை, செங்குத்தாக மாட்டிய சமதள ஆடிக்குப் பொருந்தாது.

இடவல மாற்றம் குறித்தும் ஒரு தெளிவு தேவை. ஆடி இடத்தை வலமாக மாற்றுகிறது, ஆனால் மேலைக் கீழாக மாற்றுவதில்லை, அது ஏன் என்ற கேள்வி பலரைக் குழப்புகிறது. உண்மையில் ஆடி இரண்டையுமே மாற்றுவதில்லை. நீங்கள் கிழக்குப் பக்கக் கையை உயர்த்தினால் பிம்பமும் கிழக்குப் பக்கக் கையைத்தான் உயர்த்துகிறது. ஆடி மாற்றுவது முன்பின் திசையை மட்டுமே: நீங்கள் வடக்கு நோக்கி நின்றால் பிம்பம் தெற்கு நோக்கி நிற்கிறது. நமக்கு எதிரே நிற்கும் ஒரு மனிதராக அந்தப் பிம்பத்தை நாம் கற்பனை செய்துகொண்டு, அவருடைய வலக்கை எது என்று கேட்பதால்தான் இடவலம் மாறியதாகத் தோன்றுகிறது.

ஆடியை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பினால், எதிரொளிப்புக் கதிர் அதைப் போல் இரு மடங்கு திரும்பும். செங்குத்து 5 பாகை திரும்பும்போது படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் தலா 5 பாகை மாறுவதால் கதிர் மொத்தம் 10 பாகை விலகுகிறது. மிக நுண்ணிய அசைவுகளை அளக்கும் கருவிகளில் சிறு ஆடியை ஒட்டி ஒளிப்புள்ளியைத் தொலைவிலுள்ள அளவுகோலில் விழச் செய்வது இந்த இரட்டிப்புக்காகத்தான்.

இரண்டு சமதள ஆடிகளைச் சேர்த்து வைத்தால், ஒன்றின் பிம்பம் மற்றொன்றுக்குப் பொருளாகிறது. இடைப்பட்ட கோணத்தால் 360 ஐ வகுத்து வரும் எண் இரட்டைப்படையாக இருந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழிப்பது பிம்பங்களின் எண்ணிக்கையைத் தரும்: 90 பாகைக்கு 3, 60 பாகைக்கு 5. 90 பாகையில் நடுவே தோன்றும் பிம்பம் இருமுறை எதிரொளிக்கப்பட்டது என்பதால் இடவலம் மாறாமல், பிறர் நம்மைக் காணும் விதமாகவே நம் முகத்தைக் காட்டும். மூன்று ஆடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓர் அறையின் மூலையைப் போல இணைத்தால், எந்தத் திசையிலிருந்து வந்த கதிரும் வந்த திசைக்கே இணையாகத் திரும்பிவிடும். 1969 இல் அப்பல்லோ 11 பயணத்தின்போது நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பானில் இத்தகைய 100 மூலைப்பட்டகங்கள் உள்ளன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவு அளக்கப்படுகிறது.

எதிரெதிரே இணையாக வைத்த ஆடிகளில் பிம்பங்கள் முடிவின்றித் தொடர வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு எதிரொளிப்பிலும் ஒளி சிறிது குறைகிறது. ஒவ்வொரு முறையும் 90 விழுக்காடு மீள்கிறது என்று கொண்டால், பத்து எதிரொளிப்புகளுக்குப் பின் ஏறத்தாழ 35 விழுக்காடுதான் மிஞ்சும். கண்ணாடியில் உள்ள இரும்பின் காரணமாகத் தொலைவிலுள்ள பிம்பங்கள் பச்சை சாயலும் பெறுகின்றன. வீட்டு ஆடிகளில் உலோகப் பூச்சு கண்ணாடியின் பின்புறம் இருப்பதால், பேனா முனையைப் பரப்பில் ஒட்டி வைத்தாலும் அதற்கும் பிம்பத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும். கண்ணாடியின் முன்பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை எதிரொளிப்பதால், சாய்வாகப் பார்த்தால் மங்கிய இரண்டாவது பிம்பம் ஒன்றும் புலப்படும். தொலைநோக்கிகளில் பூச்சை முன்பரப்பிலேயே இடுவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

கோளக ஆடிகள்: அறிய வேண்டிய சொற்கள்

ஓர் உள்ளீடற்ற கோளத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுத்ததாகக் கருதுங்கள். உட்பக்கம் ஒளியை எதிரொளித்தால் அது குழி ஆடி. வெளிப்பக்கம் எதிரொளித்தால் குவி ஆடி. கோளத்தின் மையமே ஆடியின் வளைவு மையம். கோளத்தின் ஆரமே வளைவு ஆரம். ஆடியின் நடுப்புள்ளி ஆடிமுனை. ஆடிமுனையையும் வளைவு மையத்தையும் இணைக்கும் கோடு முதன்மை அச்சு. கோளத்தின் மையத்திலிருந்து பரப்புக்கு வரையும் எந்த ஆரமும் அப்பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும். வளைந்த ஆடியின் எந்தப் புள்ளியிலும் செங்குத்தைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும்.

அச்சுக்கு இணையாக வரும் ஒரு கதிர் குழி ஆடியைத் தொடும் புள்ளியை வளைவு மையத்துடன் இணைத்தால் அது செங்குத்து. படுகோணம் இச்செங்குத்துக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட கோணத்துக்குச் சமம், ஏனெனில் இரண்டும் ஒன்றுவிட்ட கோணங்கள். எதிரொளிப்புக் கோணமும் அதே அளவு. ஆகவே வளைவு மையம், கதிர் தொட்ட புள்ளி, எதிரொளிப்புக் கதிர் அச்சை வெட்டும் புள்ளி ஆகிய மூன்றும் ஓர் இருசமபக்க முக்கோணத்தை உருவாக்குகின்றன. கதிர் அச்சுக்கு மிக அருகில் வந்தால், வெட்டும் புள்ளி ஆடிமுனைக்கும் வளைவு மையத்துக்கும் சரியாக நடுவே அமையும். அப்புள்ளியே முதன்மைக் குவியம். ஆடிமுனையிலிருந்து அதன் தொலைவே குவியத் தொலைவு. குவியத் தொலைவு வளைவு ஆரத்தில் பாதி என்ற விதி இவ்வாறு கிடைக்கிறது. “அச்சுக்கு மிக அருகில்” என்ற நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை மறப்பதன் விளைவைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

கதிர்ப்படம் வரையும் முறை

வரைபடத்தாள் ஒன்றில் அச்சை வரைந்து, ஆடிமுனை, குவியம், வளைவு மையம் ஆகியவற்றை அளவுப்படி குறியுங்கள். பொருளை அச்சின் மேல் நிற்கும் ஓர் அம்புக்குறியாக வரையுங்கள். அம்பின் நுனியிலிருந்து புறப்படும் எண்ணற்ற கதிர்களில் நான்கின் வழியைக் கோணமானி இல்லாமலே சொல்லிவிடலாம். அச்சுக்கு இணையாகச் செல்லும் கதிர், எதிரொளித்த பின் குவியத்தின் வழியே செல்லும். குவியத்தின் வழியே வரும் கதிர், எதிரொளித்த பின் அச்சுக்கு இணையாகச் செல்லும். வளைவு மையத்தின் வழியே வரும் கதிர் பரப்பைச் செங்குத்தாகத் தொடுவதால் வந்த வழியே திரும்பும். ஆடிமுனையைத் தொடும் கதிர், அச்சுக்கு மறுபுறம் அதே கோணத்தில் திரும்பும். இவற்றுள் எந்த இரண்டை வரைந்தாலும் அவை வெட்டும் இடத்தில் நுனியின் பிம்பம் கிடைக்கும். மூன்றாவதை வரைவது சரிபார்க்க மட்டுமே. சிறிய படங்களில் ஆடியை வளைவாக வரையாமல் ஆடிமுனையில் ஒரு செங்குத்துக் கோடாக வரைந்தால் முடிவு துல்லியமாக இருக்கும், ஏனெனில் மேற்சொன்ன விதிகள் அனைத்தும் அச்சுக்கு அருகிலான கதிர்களுக்கே உரியவை.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் இரண்டு கதிர்களை வரைகிறோம் என்பதற்காக, பிம்பம் அவ்விரண்டால் மட்டும் உருவாகிறது என்று எண்ணிவிடக்கூடாது. அம்பின் நுனியிலிருந்து ஆடியின் ஒவ்வொரு பகுதிக்கும் கதிர்கள் செல்கின்றன. அவை அனைத்தும் அதே பிம்பப் புள்ளியில் வந்து கூடுகின்றன. குழி ஆடியின் கீழ்ப்பாதியைக் கறுப்புத்தாளால் மூடிவிட்டால் தாளில் விழும் பிம்பத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பிம்பத்தின் பாதி மறையும் என்றே பலர் சொல்வார்கள். செய்து பார்த்தால் முழுப் பிம்பமும் அப்படியே நிற்கும். அதன் பொலிவு மட்டும் குறையும். மூடாத பாதியே பொருளின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கதிர்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது அல்லவா? பிம்பம் என்ற கருத்து ஒருவருக்குப் பிடிபட்டிருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

குழி ஆடி: பொருளைத் தொலைவிலிருந்து அருகே கொண்டுவருதல்

குவியத் தொலைவு 12 செ.மீ., எனவே வளைவு ஆரம் 24 செ.மீ. உள்ள ஒரு குழி ஆடியை எடுத்துக்கொள்வோம். மிகத் தொலைவிலுள்ள ஒரு மரத்தின் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வருவதால், அதன் பிம்பம் குவியத்தில், மிகச் சிறியதாகவும் தலைகீழாகவும் விழும். மெழுகுவர்த்தியை 36 செ.மீ. தொலைவில் வைத்தால் பிம்பம் 18 செ.மீ. இல், பாதி அளவில், தலைகீழாகத் தாளில் விழும். 24 செ.மீ., அதாவது வளைவு மையத்தில் வைத்தால், பிம்பமும் அதே தொலைவில், அதே அளவில், தலைகீழாக அமையும். 18 செ.மீ. க்கு நகர்த்தினால் பிம்பம் 36 செ.மீ. க்கு விலகி இரு மடங்கு பெரிதாகும். 36 உம் 18 உம் இடம் மாறிக்கொண்டதைக் கவனியுங்கள்: ஒளியின் பாதையைத் திருப்பினாலும் அது அதே பாதைதான் என்பதால், பொருளையும் மெய் பிம்பத்தையும் எப்போதும் இவ்வாறு மாற்றி வைக்கலாம். சரியாக 12 செ.மீ. இல் வைத்தால் திரும்பும் கதிர்கள் இணையாகிப் பிம்பம் முடிவிலிக்குச் சென்றுவிடும். கைவிளக்குகளில் விளக்கைக் குவியத்தில் பொருத்துவதன் நோக்கம் இதுவே. 8 செ.மீ. க்குக் கொண்டுவந்தால் கதிர்கள் விரிந்து செல்லத் தொடங்கி, ஆடிக்குப் பின்னால் 24 செ.மீ. இல், மூன்று மடங்கு பெரிய, நேரான மாய பிம்பம் தோன்றும். முகம் மழிக்கவும் பல்லைச் சோதிக்கவும் பயன்படும் உருப்பெருக்கும் ஆடி இந்த நிலையில்தான் வேலை செய்கிறது.

தாளை வைத்துப் பார்ப்பது ஒன்று. கண்ணால் நேரே பார்ப்பது வேறு. அதே ஆடியை முகத்துக்கு மிக அருகே பிடித்து மெதுவாக விலக்கினால், முதலில் நேரான, பெரிய முகம் தெரியும். குவியத்தைத் தாண்டியவுடன் முகம் கலங்கத் தொடங்கும். குவியத்துக்கும் வளைவு மையத்துக்கும் இடையே முகம் இருக்கும்போது, மெய் பிம்பம் நம் தலைக்குப் பின்னால் உருவாக வேண்டியிருக்கிறது. கதிர்கள் குவிந்துகொண்டே கண்ணுக்குள் நுழைகின்றன. விரிந்து வரும் கதிர்களையும் இணையாக வரும் கதிர்களையும் மட்டுமே குவிக்கப் பழகிய கண்ணால் இவற்றைக் கையாள முடியாது. வளைவு மையத்தில் கலக்கம் உச்சமடையும். இன்னும் விலகினால் தலைகீழான, சிறிய முகம் ஆடிக்கும் நமக்கும் இடையே காற்றில் தோன்றும். ஆனால் அதுவும் உடனே தெளிவாகாது: கண்ணுக்கும் பிம்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 25 செ.மீ. இருந்தால்தான் இயல்பான கண்ணுக்கு எளிதில் தெளிவு கிடைக்கும். 42 செ.மீ. தொலைவுக்குச் சென்றால் பிம்பம் ஆடியிலிருந்து 16.8 செ.மீ. இல் அமைந்து, இடைவெளி 25.2 செ.மீ. ஆகும், அப்போது தெளிவு வந்துவிடும். பிம்பம் எங்கே உருவாகிறது என்பதும், அதைப் பார்க்கும் கண் எங்கே இருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இந்த ஓர் ஆடியே காட்டிவிடுகிறது.

குவி ஆடி

குவி ஆடியில் குவியமும் வளைவு மையமும் ஆடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஆகவே அச்சுக்கு இணையாக வரும் கதிர், எதிரொளித்த பின் பின்னால் உள்ள குவியத்திலிருந்து வருவதைப் போல விரிந்து செல்லும். வளைவு மையத்தை நோக்கி வரும் கதிர் வந்த வழியே திரும்பும். பொருளை எங்கு வைத்தாலும் பிம்பம் ஆடிமுனைக்கும் குவியத்துக்கும் இடையே, நேராகவும் சிறியதாகவும் மாயமாகவும் இருக்கும். வேறு நிலை இல்லை. பிம்பம் சிறியது என்பதாலேயே ஒரே அளவுள்ள சமதள ஆடியைவிடப் பரந்த காட்சி அதில் அடங்குகிறது. வாகனங்களின் பக்க ஆடிகளிலும், வளைவான சாலைத் திருப்பங்களிலும் இதைப் பொருத்துவது அதற்காகத்தான்.

ஆடிச் சமன்பாடும் குறியீட்டு மரபும்

குவியத் தொலைவைக் கு என்றும், பொருளின் தொலைவைப் பொ என்றும், பிம்பத்தின் தொலைவைப் பி என்றும் குறித்தால், இரு வகை ஆடிகளுக்கும் ஒரே சமன்பாடு பொருந்தும்:

1/கு = 1/பொ + 1/பி

உருப்பெருக்கம் = −பி/பொ

கார்ட்டீசியன் குறியீட்டு மரபின்படி எல்லாத் தொலைவுகளையும் ஆடிமுனையிலிருந்து அளக்க வேண்டும். படுகதிர் செல்லும் திசையில் அளந்தவை நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தவை எதிர்க்குறி பெறும். ஆகவே முன்னால் இருக்கும் பொருளின் தொலைவு எப்போதும் எதிர்க்குறி. குழி ஆடியின் குவியத் தொலைவு எதிர்க்குறி. குவி ஆடியின் குவியத் தொலைவு நேர்க்குறி. எண்களைச் சமன்பாட்டில் இடும்போதே குறிகளையும் இட வேண்டும். தெரியாத அளவுக்கு நாமாக எந்தக் குறியையும் கொடுக்கக்கூடாது, அதன் குறி விடையில் தானே வரும்.

முன்பு கண்ட 8 செ.மீ. நிலையைக் கணக்கிடுவோம். கு = −12, பொ = −8. அப்போது 1/பி = −1/12 + 1/8 = 1/24; பி = +24 செ.மீ. நேர்க்குறி, பிம்பம் ஆடிக்குப் பின்னால் உள்ளதைச் சொல்கிறது. உருப்பெருக்கம் −24/−8 = +3; நேர்க்குறி பிம்பம் நேரானது என்பதைச் சொல்கிறது. 18 செ.மீ. நிலையில் 1/பி = −1/12 + 1/18 = −1/36; பி = −36 செ.மீ., உருப்பெருக்கம் −2. எதிர்க்குறிகள் இரண்டும் முறையே மெய் பிம்பத்தையும் தலைகீழ் நிலையையும் குறிக்கின்றன.

குவி ஆடிக்கு வாகன ஆடியையே எடுத்துக்கொள்வோம். குவியத் தொலைவு +60 செ.மீ.; பின்னால் 12 மீட்டரில், அதாவது 1200 செ.மீ. இல், 150 செ.மீ. உயரமுள்ள ஒரு கார் வருகிறது. 1/பி = 1/60 + 1/1200 = 21/1200; பி ஏறத்தாழ +57 செ.மீ. உருப்பெருக்கம் 1/21, எனவே பிம்பத்தின் உயரம் ஏறத்தாழ 7 செ.மீ. இங்கே வியப்பான ஒன்று இருக்கிறது: பிம்பம் ஆடிக்குப் பின்னால் வெறும் 57 செ.மீ. இல் இருக்கிறது, ஆனால் ஓட்டுநருக்குக் கார் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. காரணம், மூளை காரின் வழக்கமான அளவை அறிந்து வைத்திருக்கிறது. அது கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தைக் கொண்டே தொலைவை மதிப்பிடுகிறது. ஓட்டுநரின் கண் ஆடியிலிருந்து 60 செ.மீ. இல் இருந்தால், குவி ஆடியில் அந்தக் கோணம், சமதள ஆடியில் இருந்திருக்கக்கூடிய கோணத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆகவே கார் இரு மடங்கு தொலைவில் வருவதாக எண்ணிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பக்க ஆடியை மட்டும் நம்பித் தடம் மாறுவது ஆபத்தானது என்று சொல்லப்படுவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

உங்களிடம் உள்ள குழி ஆடியின் குவியத் தொலைவை அளத்தல்

சன்னலுக்கு எதிரே உள்ள சுவரருகே நின்று, வெளியே தொலைவில் தெரியும் கட்டடத்தையோ மரத்தையோ நோக்கி ஆடியைத் திருப்புங்கள். ஆடிக்கு முன்னால் ஒரு சிறிய வெள்ளைத்தாளைச் சற்றே பக்கவாட்டில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் கூர்மையான தலைகீழ் உருவம் தாளில் விழும். தாளுக்கும் ஆடிமுனைக்கும் உள்ள தொலைவே குவியத் தொலைவு. கூடுதல் துல்லியம் வேண்டுமெனில், அச்சின் மேல் ஒரு ஊசியை நிறுத்தி, அதன் தலைகீழ் பிம்பத்தின் முனை ஊசியின் முனையைத் தொடும் வரை நகர்த்துங்கள். தலையைப் பக்கவாட்டில் அசைத்தாலும் இரு முனைகளும் பிரியாத இடம் வளைவு மையம்; அதன் தொலைவில் பாதி குவியத் தொலைவு. எக்காரணத்தைக் கொண்டும் இந்தச் சோதனைக்குச் சூரியனைப் பயன்படுத்தாதீர்கள். குவியத்தில் கூடும் வெயில் தாளை எரித்துவிடும். ஒரு கணம் கண்ணில் பட்டாலும் விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

விளிம்புக் கதிர்களும் கோளப் பிறழ்ச்சியும்

குவியத் தொலைவு ஆரத்தில் பாதி என்பது அச்சுக்கு அருகிலான கதிர்களுக்கு மட்டுமே என்று சொன்னோம். முன்பு கண்ட இருசமபக்க முக்கோணத்தைத் தோராயமின்றிக் கணக்கிட்டால், எதிரொளிப்புக் கதிர் அச்சை வெட்டும் இடம், வளைவு மையத்திலிருந்து, ஆரத்தைப் படுகோணத்தின் கொசைனைப் போல் இரு மடங்கால் வகுத்து வரும் தொலைவில் அமையும். 24 செ.மீ. ஆரமுள்ள நம் ஆடியில், 10 பாகை படுகோணத்தில் வரும் கதிர் ஆடிமுனையிலிருந்து 11.8 செ.மீ. இல் அச்சை வெட்டும். 30 பாகையில் வரும் கதிர் 10.1 செ.மீ. இலேயே வெட்டிவிடும். ஆழமான கோளக ஆடியின் விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும் வரும் கதிர்கள் ஒரே இடத்தில் கூடாததால் பிம்பம் கூர்மை இழக்கிறது. இதுவே கோளப் பிறழ்ச்சி. பரவளைய வடிவ ஆடியில், அச்சுக்கு இணையாக வரும் எல்லாக் கதிர்களும், எவ்வளவு விளிம்பில் விழுந்தாலும், ஒரே குவியத்தில் கூடுகின்றன.

வெள்ளொளியை வில்லைகள் நிறம் பிரித்துவிடுவதைக் கண்ட நியூட்டன் 1668 இல் உலோகக் குழி ஆடியைக் கொண்டு எதிரொளிப்புத் தொலைநோக்கியைச் செய்தார். எதிரொளிப்பு விதி எல்லா நிறத்துக்கும் ஒன்றே என்பதால் ஆடியில் அக்குறை இல்லை. ஆனால் வடிவத்தில் ஆடி கேட்கும் துல்லியம் மிகக் கடுமையானது. 1990 இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் முதன்மை ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் மட்டுமே கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. மெருகேற்றும்போது வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டதே காரணம். மனிதத் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவேயான அந்தப் பிழை, விண்மீன்களைச் சுற்றி மங்கிய ஒளிவட்டத்தை உண்டாக்கியது. பிழை எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரிந்திருந்ததால், அதற்கு நேரெதிரான பிழையுடன் வடிவமைத்த சிறு ஆடிகளை 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தி அதைச் சரிசெய்தார்கள்.

மேசையில் வைத்துச் செய்யும் சோதனையில் இப்பிறழ்ச்சியைக் குறைக்க அவ்வளவு பாடு தேவையில்லை. கறுப்புத்தாளில் நடுவே வட்டத் துளை வெட்டி, ஆடியின் விளிம்பு மறையும்படி ஒட்டுங்கள். தாளில் விழும் பிம்பம் ஒளி குறைந்து, ஆனால் விளிம்புகள் கூர்மையடைந்து தெரியும். துளையைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, கூர்மை போதுமானதாகும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் பின் தொலைவுகளை அளந்தால், அளவுகள் ஆடிச் சமன்பாட்டுடன் நன்றாகப் பொருந்தும்.